மேடைக்குக் கீழே இருக்கும் வெளிச்சம்

(பள்ளி அறிவியல் ஆசிரியர்களுக்கான கோடைப் பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் பள்ளிகளில் மைக்ராஸ்கோப் படம் வரையத் தெரியாத பிள்ளை கிடையாது. பென்சிலைச் சீவி, கோடிழுத்து, பாகங்களை மளமளவென்று குறித்துவிடும். கண்ணருகு லென்ஸ், பொருளருகு லென்ஸ், மேடை, கிளிப், பெரிய திருகு, சிறிய திருகு, கைப்பிடி, அடிப்பகுதி எல்லாம் மனப்பாடம். அதே பிள்ளையைக் கருவிக்கு முன்னால் உட்காரவைத்து, “வெங்காயத் தோலை எனக்குக் காட்டு” என்றால் கை எங்கே போவது என்று தெரியாமல் திகைத்துப்போகும். பிள்ளையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கருவி வருடம் முழுவதும் கண்ணாடி பீரோவுக்குள் இருக்கிறது. பிராக்டிகல் அன்று வெளியே வருகிறது. ஆசிரியரே ஃபோகஸ் செய்து வைத்துவிட்டு, “எதையும் தொடாமல் பார்த்துவிட்டுப் போ” என்று வரிசையை நகர்த்துகிறார். தொடாமல் கற்றுக்கொள்ள இது ஓவியமல்ல. கையால் பழக வேண்டிய கருவி.

தொடுவது என்று வரும்போதும் நம் கை இரண்டு இடங்களுக்குத்தான் போகிறது: திருகு, லென்ஸைச் சுழற்றும் வட்டு. மேடைக்குக் கீழே இருக்கும் பகுதியை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. கண்டென்சர் எனப்படும் ஒளிக்குவிப்பானும், அதோடு ஒட்டியிருக்கும் டயாஃப்ரமும் அங்கேதான் இருக்கின்றன. பெரும்பாலான பள்ளிக் கருவிகளில் அந்த டயாஃப்ரம் துருப்பிடித்தோ தூசி படிந்தோ ஒரே நிலையில் இறுகிக் கிடக்கிறது. நான் இன்று வாதாட வந்திருப்பது அந்தப் பகுதிக்காக. மைக்ராஸ்கோப்பில் நாம் பார்ப்பது எல்லாமே, பொருளைத் தாண்டி வரும் வெளிச்சத்தைத்தான். அந்த வெளிச்சத்தை ஒழுங்குபடுத்தத் தெரியாதவருக்கு எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸ் இருந்தும் பயனில்லை.

முதலில் பெரிதாக்குவது பற்றிப் பேசிவிடுவோம். ராபர்ட் ஹூக் 1665இல் ‘மைக்ரோகிராஃபியா’ நூலை வெளியிட்டார். தக்கையின் மெல்லிய சீவலில் அவர் கண்ட சின்னஞ்சிறு அறைகளுக்குத்தான் செல் என்று பெயர் வைத்தார். அவர் கையாண்டது ஒன்றுக்கு மேற்பட்ட லென்ஸ் உள்ள கூட்டு நுண்ணோக்கி. ஏறக்குறைய அதே காலத்தில், ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரத்தில் அந்தோனி வான் லேவன்ஹூக் என்ற துணி வியாபாரி, இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே ஒரே ஒரு குட்டி லென்ஸைப் பதித்து, அதைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு பார்த்தார். ஒற்றை லென்ஸ்காரர்தான் அதிகம் கண்டார். தண்ணீரில் நீந்தும் ஒருசெல் உயிர்களைப் பற்றி 1676இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். 1683இல் பல்லிடுக்கு அழுக்கில் பாக்டீரியாவைக் கண்டதைத் தெரிவித்தார். அக்காலத்துக் கூட்டு நுண்ணோக்கியில் ஒரு லென்ஸின் குறையை அடுத்த லென்ஸ் இன்னும் பெரிதாக்கிக் காட்டியது. பொருளின் ஓரமெல்லாம் வானவில் நிறம் படர்ந்து உருவம் மங்கியது. லேவன்ஹூக் தன் கையால் செய்த லென்ஸ் சின்னது; ஆனால் தெளிவானது. இன்று எஞ்சியிருக்கும் அவருடைய கருவிகளில் மிகச் சிறந்தது சுமார் 270 மடங்கு பெரிதாக்குகிறது. இன்றைய பள்ளிக் கருவி 400 மடங்கைச் சுலபமாகத் தொடும். இருந்தும் நம் மாணவர்களில் எத்தனை பேர் லேவன்ஹூக் கண்டதில் பாதியையாவது கண்டிருக்கிறார்கள்?

எத்தனை மடங்கு என்பது சின்னக் கணக்கு. கண்ணருகு லென்ஸில் 10, பொருளருகு லென்ஸில் 40 என்றால் பெருக்கி 400. ஆனால் பொருளருகு லென்ஸின் பக்கவாட்டில் அந்த 40ஐ அடுத்து இன்னோர் எண் பொறித்திருக்கும்: 0.65. இதை வகுப்பில் யாரும் வாசித்துக் காட்டுவதில்லை. எனக்கு அதுதான் முக்கியமான எண். பொருளிலிருந்து விரிந்து வரும் ஒளிக்கூம்பில் எவ்வளவு அகலத்தை அந்த லென்ஸ் உள்ளே வாங்கிக்கொள்கிறது என்பதன் அளவு அது. வழக்கமாக 4 மடங்கு லென்ஸுக்கு 0.10, 10 மடங்குக்கு 0.25, 40க்கு 0.65, எண்ணெய் விட்டுப் பார்க்கும் 100க்கு 1.25 என்று இருக்கும். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு புள்ளிகளை இரண்டாகவே காட்டும் திறமை இந்த எண்ணைப் பொறுத்தது.

ஜெர்மனியின் ஜெனா நகரத்தில் கார்ல் ஸைஸுடன் சேர்ந்து வேலை செய்த எர்ன்ஸ்ட் அபே 1873இல் இதை விளக்கினார். ஒளியின் அலைநீளத்தை அந்த எண்ணின் இரு மடங்கால் வகுத்தால், பிரித்துப் பார்க்கக்கூடிய மிகச் சிறிய இடைவெளி கிடைக்கும். பச்சை ஒளியின் அலைநீளம் சுமார் 0.55 மைக்ரான். 0.65 உள்ள லென்ஸுக்கு வகுத்துப் பாருங்கள், 0.42 மைக்ரான் வரும். 1.25க்கு 0.22. அதற்கும் கீழே சாதாரண ஒளி நுண்ணோக்கியால் போக முடியாது. ஜெனாவில் அபேயின் நினைவுச் சின்னத்திலேயே அந்தச் சூத்திரத்தைப் பொறித்திருக்கிறார்கள்.

அதனால்தான் சொல்கிறேன், பெட்டியின் மேல் ‘1200 மடங்கு’ என்று கொட்டை எழுத்தில் போட்டு விற்கும் பொம்மைக் கருவிகளை நம்பிப் பள்ளிக்கு வாங்காதீர்கள். செய்தித்தாளில் வந்த புகைப்படத்தைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தால் மைப் புள்ளிகள்தான் பெரிதாகும். அதில் இருப்பவரின் முகத்தில் புதிதாக ஒரு மச்சமும் தெரிந்துவிடாது. லென்ஸ் பிரித்துக் கொடுக்காத விவரத்தைப் பெரிதாக்கினாலும் இதே கதிதான். லென்ஸின் பக்கவாட்டில் பொறித்த அந்த எண்ணை ஆயிரத்தால் பெருக்குங்கள். 0.65 என்றால் 650 மடங்கு வரைதான் பயனுள்ள பெரிதாக்கம். அதற்கு மேல் வருவது வெறும் வீக்கம்.

இனி மேடைக்குக் கீழே வருவோம். பழைய கருவிகளில் அடியில் ஓர் ஆடி இருக்கும்; ஒரு பக்கம் சமதளம், மறுபக்கம் குழி. கண்டென்சர் உள்ள கருவியில் சமதளப் பக்கத்தைத் திருப்புங்கள். கண்டென்சர் இல்லாவிட்டால் குழிப்பக்கம். ஜன்னல் வழியே வரும் வானத்தின் வெளிச்சமே போதும். நேரடி வெயிலை ஆடியில் பிடிக்கவே கூடாது, கண் போய்விடும். புதிய கருவிகளில் ஆடிக்குப் பதில் எல்இடி விளக்கு வந்துவிட்டது. எதுவானாலும் அந்த வெளிச்சத்தைக் கூம்பாகக் குவித்து ஸ்லைடின் மேல் சேர்ப்பது கண்டென்சர். 10 மடங்குக்கு மேல் பார்க்கும்போது அது ஏறக்குறைய உச்சிவரை மேலே, ஸ்லைடுக்கு அடியில் ஒட்டினாற்போல் நிற்க வேண்டும். நம் ஆய்வகங்களில் அது அடிமட்டத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். வெளிச்சம் கூசுகிறது என்று யாரோ ஒருமுறை இறக்கியிருப்பார்கள். இறக்கினால் கூம்பு குறுகும்; லென்ஸ் 0.65 வாங்கத் தயாராக இருக்க, அதற்குக் கிடைப்பதோ அதில் ஒரு சின்னப் பங்கு. காசு கொடுத்து வாங்கிய திறமை அங்கேயே வீணாகிறது.

டயாஃப்ரம் என்பது கண்டென்சருக்கு அடியில் சிறு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்து விரியும் துவாரம். ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கம்பியைத் தள்ளினால் துவாரம் சுருங்கும், விரியும். அது என்ன செய்கிறது என்பதை வார்த்தையில் சொல்வதைவிட வெங்காயத்தில் காட்டுவது நல்லது. வெங்காயத்தின் ஓர் அடுக்கை ஒடித்தால் உட்புறத்தில் மெல்லிய தோல் உரிந்து வரும். நகம் அளவுக்கு ஒரு துண்டு, ஒரு சொட்டுத் தண்ணீர். கவர்ஸ்லிப்பின் ஒரு விளிம்பைத் தண்ணீரில் தொட்டுவைத்து, ஊசியால் தாங்கிச் சாய்வாக மெதுவாக இறக்குங்கள். சாயம் எதுவும் வேண்டாம். டயாஃப்ரத்தை முழுக்கத் திறந்து 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். வெள்ளை வெளிச்சம், அதில் ஏதோ கோடுகள் இருப்பதுபோல ஒரு பிரமை. இப்போது கம்பியை மெல்லத் தள்ளுங்கள். முதலில் செல் சுவர்கள் எழும்பும், செங்கல் அடுக்கியதுபோல வரிசை வரிசையாக. இன்னும் கொஞ்சம் தள்ளினால் ஒவ்வொரு செல்லிலும் சுவரோரமாக ஒதுங்கிய சாம்பல் நிற வட்டம் ஒன்று வெளிப்படும். அதுதான் உட்கரு. மேலும் தள்ளினால் எல்லாக் கோடும் தடித்து, கறுத்து, இரட்டையாகத் தெரியும். உண்மையில் இல்லாத விளிம்புகள் அவை. இரண்டுக்கும் நடுவே ஓரிடத்தில் நிறுத்த வேண்டும். தன் விரலால் அந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்த பிள்ளை பாகங்களின் பெயரை மறந்தாலும் வேலையை மறக்காது.

எங்கே நிறுத்துவது என்பதற்கு எளிய வழி உண்டு. ஃபோகஸ் செய்த பிறகு கண்ணருகு லென்ஸைக் கழற்றிவிட்டுக் குழாய்க்குள் பாருங்கள். அடியில் ஒளிவட்டம் தெரியும். டயாஃப்ரத்தை மூடிக்கொண்டே வந்து, அந்த வட்டத்தின் விட்டத்தில் முக்கால் பங்கு மட்டும் ஒளிர்ந்தால் போதும் என்று நிறுத்திவிடுங்கள். லென்ஸ் மாற்றும்போதெல்லாம் மறுபடி சரிபார்க்க வேண்டும். வெளிச்சம் அதிகமானால் விளக்கின் குமிழைக் குறையுங்கள். அதற்காக டயாஃப்ரத்தைத் தொடாதீர்கள்.

இந்தச் சின்னக் கம்பிக்கு நம் நாட்டு மருத்துவ வரலாற்றில் ஓர் இடம் உண்டு. 1897 ஆகஸ்ட் மாதம், செகந்திராபாத். ராணுவ மருத்துவர் ரொனால்ட் ரோஸ், மலேரியா கொசுவால் பரவுகிறதா என்று பார்க்கக் கொசுக்களை ஒவ்வொன்றாக அறுத்துக்கொண்டிருந்தார். விசிறி போட்டால் கொசு பறந்துவிடும். எனவே காற்றில்லாத அறை. நெற்றி வியர்வையும் கை வியர்வையும் பட்டுக் கருவியின் திருகுகள் துருப்பிடித்திருந்தன, மிஞ்சியிருந்த ஒரே கண்ணருகு லென்ஸும் விரிசல் விட்டிருந்தது என்று தம் நினைவுக் குறிப்புகளில் அவரே எழுதியிருக்கிறார். ஹுசைன் கான் என்ற மலேரியா நோயாளியின் ரத்தத்தைக் குடிக்கவைத்த, சிறகில் புள்ளியுள்ள கொசுக்களில் சிலவே மீதம் இருந்தன. ஆகஸ்ட் 20 அன்று அவற்றில் ஒன்றை அறுத்து அங்குலம் அங்குலமாகத் தேடிவிட்டு, கடைசியில் வயிற்றுச் சுவருக்கு வந்தார். அங்கே சுமார் 12 மைக்ரான் விட்டமுள்ள வட்டமான செல் ஒன்று. கொசுவின் வயிற்றுச் செல்லாக இருக்க முடியாத அளவுக்கு அதன் விளிம்பு கூர்மையாக இருந்தது. சற்றுத் தள்ளி இன்னொன்று, மற்றொன்று. வானம் மூடியிருந்த புழுக்கமான மதியம். மேடைக்கடியில் இருந்த டயாஃப்ரத்தைத் திறந்து, கூடுதல் வெளிச்சத்தை உள்ளே விட்டு, ஃபோகஸை மாற்றினார். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் கன்னங்கரேலென்று சிறு துகள்கள் தெரிந்தன. மலேரியாக் கிருமியிடம் காணப்படும் நிறமித் துகள்கள். மறுநாள் அறுத்த கொசுவில் அந்தச் செல்கள் இன்னும் பெரிதாக வளர்ந்திருந்தன. 1902இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மற்ற வேளைகளில் ரோஸின் விடாமுயற்சியைத்தான் பேசுவார்கள், பேச வேண்டியதுதான். ஆனால் மைக்ராஸ்கோப் கையாளுகிற நமக்கு அந்த மதியத்தில் கவனிக்க வேண்டியது அவருடைய கை. விரிசல் விட்ட லென்ஸ், துருப்பிடித்த திருகு, மங்கிய வானம். இவ்வளவு இருந்தும், சந்தேகம் வந்த நொடியில் அவர் கை தானாக டயாஃப்ரத்துக்குப் போயிற்று. கருவியோடு அத்தனை பழக்கம்.

ஃபோகஸ் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் சற்று நேரத்தில் செய்முறையில் இதையே பழகப்போகிறோம். எப்போதும் மிகக் குறைந்த லென்ஸில் தொடங்குங்கள். பக்கவாட்டிலிருந்து பார்த்துக்கொண்டே ஸ்லைடையும் லென்ஸையும் நெருக்கமாகக் கொண்டுவாருங்கள். அதன்பிறகு கண்ணை வைத்து, விலக்கிக்கொண்டே ஃபோகஸைத் தேடுங்கள். கண்ணை வைத்துக்கொண்டு நெருக்கினால் ஸ்லைடு உடையும், லென்ஸ் கீறும். 40 மடங்கு லென்ஸுக்கு மாறிய பிறகு பெரிய திருகை மறந்துவிடுங்கள். சிறிய திருகு மட்டும். அந்த லென்ஸின் முனைக்கும் கவர்ஸ்லிப்புக்கும் இடையே இருப்பது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை, பாதிக்குச் சற்று மேல். “10இல் நன்றாகத் தெரிகிறது சார், 40இல் எப்படித் திருகினாலும் வரவில்லை” என்று ஒரு மாணவர் வந்தால் முதலில் ஸ்லைடை எடுத்துப் பாருங்கள். தலைகீழாக வைத்திருப்பார். ஸ்லைடின் கண்ணாடியே ஒரு மில்லிமீட்டர் கனம். லென்ஸால் அதைத் தாண்டி எட்ட முடியாது. லென்ஸில் 160/0.17 என்று பொறித்திருப்பதில் அந்த 0.17 என்பது எந்தக் கனமுள்ள கவர்ஸ்லிப்புக்காக அது செய்யப்பட்டது என்பதைச் சொல்கிறது. 160 குழாயின் நீளம், மில்லிமீட்டரில்.

உருவம் தலைகீழாகத் தெரியும் என்பதைப் புத்தகத்தில் படிக்கிறோம். செய்தித்தாளிலிருந்து ‘ட’ என்ற எழுத்தை வெட்டி ஸ்லைடில் வையுங்கள். நிமிர்ந்து நிற்கும் கோடு இடப்பக்கமும், படுக்கும் கோடு அடியிலும் இருக்க வேண்டியவை. உள்ளே பார்த்தால் படுக்கைக் கோடு மேலே இருக்கும். நிற்கும் கோடு வலப்பக்கம் தொங்கும். மேல் கீழ் மட்டும் மாறவில்லை, இடம் வலமும் மாறியிருக்கிறது. ஸ்லைடை வலப்பக்கம் நகர்த்தினால் எழுத்து இடப்பக்கம் ஓடும். குளத்துத் தண்ணீரில் நீந்தும் பாரமீசியத்தைத் துரத்தும்போது இந்தப் பழக்கம் கைகொடுக்கும்.

அளவையும் பிள்ளைகளே கண்டுபிடிக்கலாம். கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் ஸ்கேலை 4 மடங்கு லென்ஸின் கீழ் வையுங்கள். வட்டத்தின் குறுக்கே எத்தனை மில்லிமீட்டர் என்று எண்ணுங்கள்; பல கருவிகளில் நாலரை வரும். அப்படியானால் 10 மடங்கு லென்ஸில் அந்த வட்டம் 1.8 மில்லிமீட்டர், 40இல் 0.45. வெங்காயச் செல்கள் நீளவாக்கில் ஆறு நின்று 10 மடங்கு வட்டத்தை நிரப்பினால் ஒரு செல் 0.3 மில்லிமீட்டர். ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். ஆனால் தன் கண்ணால் கண்ட செல்லைத் தானே அளந்தேன் என்று சொல்லும்போது அந்தப் பிள்ளையின் குரலைக் கேட்டுப் பாருங்கள்.

மாணவர்கள் ரெக்கார்டு நோட்டில் செல் என்று வரைவதில் பாதி காற்றுக்குமிழி. கன்னங்கரிய தடித்த விளிம்பும், கச்சிதமான வட்டமும், உள்ளே வெறுமையும் இருந்தால் குமிழிதான். அடுத்த குழப்பம் தூசி. கண்ணருகு லென்ஸைச் சுழற்றுங்கள். கூடவே புள்ளி சுழன்றால் அழுக்கு அங்கே இருக்கிறது. ஸ்லைடை நகர்த்தும்போது நகர்ந்தால் ஸ்லைடில். பொருளருகு லென்ஸை மாற்றியதும் மறைந்தால் அந்த லென்ஸில். எங்கே அழுக்கு என்று தெரியாமல் எல்லாவற்றையும் கர்ச்சீப்பால் துடைப்பதுதான் லென்ஸுக்கு நாம் செய்யும் பெரிய கேடு.

100 மடங்கு லென்ஸுக்கு வருவோம். கண்ணாடியிலிருந்து காற்றுக்கு வரும்போது ஒளி வளைந்து வெளியே சிதறுகிறது. அந்த இடைவெளியைக் கண்ணாடிக்கு நிகரான ஒளிவிலகல் எண், அதாவது 1.515, உள்ள எண்ணெயால் நிரப்பினால் சிதறவேண்டிய கதிர்களும் லென்ஸுக்குள் வந்துவிடும். ஒரு சொட்டு எண்ணெய் செய்யும் வேலை அது. பார்த்து முடித்ததும் லென்ஸ் தாளால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். காய்ந்து இறுகிய எண்ணெய் லென்ஸைக் கெடுத்துவிடும்.

இது பள்ளிக்கூடப் பயிற்சி மட்டுமல்ல. ராபர்ட் கோச் 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் காசநோய்க் கிருமியை அறிவித்தார். அதிலிருந்து இன்றுவரை சளிப் பரிசோதனை மேசையில் இந்த எண்ணெய் லென்ஸ் இருக்கிறது. சென்னையில் 1956இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், நோயாளியை மருத்துவமனையில் படுக்கவைக்காமல் வீட்டிலிருந்தே மருந்து கொடுத்துக் குணப்படுத்தலாம் என்று உலகுக்குக் காட்டியது. அந்த முடிவுக்கு ஆதாரம், மாதந்தோறும் சளியை மைக்ராஸ்கோப்பில் பார்த்தும் கிருமியை வளர்த்தும் சேர்த்த விவரங்கள். ஸீல்-நீல்சன் சாயமேற்றிய ஸ்லைடில் நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சிகளாகக் கிருமி தெரியும். நீளம் இரண்டிலிருந்து நான்கு மைக்ரான். ‘கிருமி இல்லை’ என்று எழுதுவதற்கு முன் ஆய்வக நுட்பர் குறைந்தது 100 பார்வை வட்டங்களைத் தேட வேண்டும் என்பது விதி. இன்று மூலக்கூறு பரிசோதனைகள் வந்துவிட்டன. இருந்தாலும் பல ஊர்களில் அந்த மேசையில் உட்கார்ந்திருப்பவரின் கண்ணையும் டயாஃப்ரத்தில் இருக்கும் விரலையும் நம்பித்தான் ஒருவருக்கு மருந்து தொடங்குகிறது. சாயம் ஏறிய ஸ்லைடுக்கு டயாஃப்ரம் நன்றாகத் திறந்திருக்க வேண்டும், சாயமில்லாத வெங்காயத் தோலுக்குச் சற்று மூடியிருக்க வேண்டும். இந்த வேறுபாட்டைப் பள்ளியிலேயே கற்ற பிள்ளை அந்த மேசைக்குப் போனால் எவ்வளவு நன்மை!

பராமரிப்பு பற்றி ஒன்று. கடலோர ஊர்களில், அதிலும் ஐப்பசி கார்த்திகை மழையில், மூடிய பீரோதான் லென்ஸுக்கு எதிரி. ஈரத்தில் கண்ணாடியின் மேல் பூஞ்சை சிலந்தி வலைபோலப் படரும். படர்ந்தபின் மேற்பூச்சை அரித்துவிடும், துடைத்தாலும் போகாது. சிலிக்கா ஜெல் பொட்டலம் வையுங்கள், நிறம் மாறியதும் வறுத்து மறுபடி வையுங்கள். அதைவிட நல்ல மருந்து, வாரம் ஒருமுறையாவது கருவியை வெளியே எடுத்துப் பிள்ளைகளிடம் கொடுப்பது. புழங்குகிற மைக்ராஸ்கோப்பில் பூஞ்சை எளிதில் பிடிப்பதில்லை.

தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோளும் வைக்கிறேன். பிராக்டிகல் தேர்வில் படத்துக்குக் கொடுக்கும் மதிப்பெண்ணில் பாதியை எடுத்து, கலைத்துவைத்த கருவியில் தானே ஃபோகஸ் செய்து காட்டுவதற்குக் கொடுங்கள். கண்டென்சரை இறக்கி, டயாஃப்ரத்தை மூடி, ஆடியைத் திருப்பிவிட்டு மாணவரை அழையுங்கள். வெங்காயச் செல்லின் உட்கருவைக் காட்டிவிட்டால் முழு மதிப்பெண்.

பக்கத்து அறையில் கருவிகளை இப்படியே கலைத்து வைத்திருக்கிறோம். வெங்காயமும் தண்ணீரும் மேசையில் இருக்கின்றன. மூன்றாவது மேசையில் ஹைட்ரில்லா இலையும் இருக்கிறது. அதன் செல்லுக்குள் பசுங்கணிகங்கள் சுவரோரமாக நகர்ந்து சுற்றி வருவதை 40 மடங்கில் பார்க்கலாம், கொஞ்சம் பொறுமை வேண்டும். தேநீர் முடித்துவிட்டு ஒரு கருவிக்கு இரண்டு பேராக வாருங்கள். பின்வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவர்கள் முதலில் உட்காரட்டும், ஆசிரியர்கள் பின்னால் நிற்கட்டும்.